நாலரைச் சுற்று

மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு டீச்சருக்கு அந்த வருடம் வயது ஐம்பத்திரண்டு. பணிக்காலம் இருபத்தெட்டு வருடம் ஏழு மாதம். உயரம் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. பல்லியைத் தவிர உலகத்தில் வேறெதற்கும் அவர் பயந்ததில்லை. கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே குடியிருந்தது. ஒரு பிள்ளையின் மேலும் அவர் கை பட்டது கிடையாது. அதற்கும் சேர்த்து மேசை வாங்கிக்கொண்டது. மேசையின் வலது மூலைக்கு மட்டும் மூன்று முறை ஆணி அடித்தாயிற்று. ஆசிரியர் அறையில் அவருக்குப் பெயர் ‘குக்கர்’. அது அவருக்கும் தெரியும். “விசில் வர்றதுக்குள்ள நகர்ந்துடுங்கப்பா” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே, கோபம், அழுகை, பயம் வந்தால் என்ன செய்வது என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், முதலில் ஒரே ஒரு வகுப்பில் நடத்திப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்து, தலைமையாசிரியை அந்த வேலையை இவர் தலையில் கட்டியபோது, டிராயிங் மாஸ்டர் குடித்துக்கொண்டிருந்த டீயைத் துப்பிவிட்டார்.

“அடுப்பை அணைக்கக் குக்கரையே அனுப்புறாங்களே!”

“சிரிங்க மாஸ்டர், சிரிங்க. உங்க மேல விசில் அடிக்கிறேனா இல்லையா பாருங்க.”

பிள்ளைகளால் ‘பெரிய டீச்சர்’ என்று அழைக்கப்பட்ட தலைமையாசிரியை காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை. மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில்தான், பள்ளியே ‘சைரன்’ என்று பெயர் வைத்திருந்த சிறுமி இருந்தாள்.

சைரனுக்கு வயது எட்டு. பென்சில்களை நீள வரிசையில் அடுக்கி வைப்பாள். கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். ஆனால் திடீரென்று முதலில் காது சிவக்கும், அடுத்து மூக்கு சிவக்கும், அதற்கடுத்து வாய் திறக்கும். அவ்வளவுதான். பள்ளிக்கு எதிரே சைக்கிள் கடைக்காரர் கையிலிருக்கும் பம்பைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார். கத்தல் பதினைந்து விநாடிக்குக் குறையாது. ஏன் கத்தினாய் என்று கேட்டால், உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பாள்.

பெரிய டீச்சரின் அறை இரண்டு சுவர் தள்ளி இருந்தது. அவர் எழுந்து வந்து பார்ப்பதில்லை. இருந்த இடத்திலிருந்தே, பழுப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டில் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் குறித்துவிடுவார். முதல் பருவத்தில் நாற்பத்தொரு பதிவுகள். பருவ முடிவில் சைரனின் அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்தார்.

“அடுத்த பருவத்துல இது பத்து ஆச்சுன்னா, வர்ற வருஷம் வேற ஸ்கூல் பார்த்துக்கங்க. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே ஊருக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு.”

சைரனின் அம்மாவுக்குத் தையல் கடையில் வேலை. “ரெண்டு பஸ் மாறணும் டீச்சர். இவர் நாலே முக்காலுக்கு டிப்போவுக்குப் போயிடறார். நான் எட்டரைக்கு மிஷின்ல உட்காரணும். யாரு கூட்டிட்டுப் போவா?”

அப்பா பஸ் டிரைவர். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே, “நான் ஓட்டுறது வேற ரூட்டு” என்றார்.

மூலையில் சாக்பீஸ் பெட்டியோடு நின்றிருந்த டீச்சருக்கு அந்த ஒரு வாக்கியம் நெஞ்சில் தைத்துவிட்டது. ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறவர் தன் மகளை ஏற்றிக்கொண்டு போக வழியில்லை. அதுவரை சைரன் அவருக்குத் தலைவலியாக மட்டும்தான் இருந்தாள். அன்று முதல் அந்தப் ‘பத்து’ என்ற எண்ணும் சேர்ந்து தலைக்குள் உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை. பாத்திரம் கழுவி முடித்துக் குழாயை ஓங்கித் தட்டி மூடினார். கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினால் மூடிக்கொள்ளும் புது மாதிரிக் குழாய் அது. சுவருக்குள்ளிருந்து ‘டம்’ என்று ஓர் இடி கேட்டது.

அவர் கணவர் குழாய் வேலை செய்கிறவர். அந்தச் சத்தத்துக்கு அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்தே எழுந்து வந்தார்.

“ஏன் இப்படி அடிச்சு மூடுற?”

“மூடினா மூடிக்கணும். அதுக்குத்தானே குழாய்?”

“ஓடி வர்ற தண்ணிய டக்குனு மறிச்சா அது எங்க போகும், சொல்லு? சுவரைத்தான் முட்டும். மெதுவா மூடு டீச்சரம்மா, அதுவும் மெதுவா நிக்கும்.”

மறுநாளே அவர் அந்தக் குழாயைக் கழற்றிவிட்டுப் பழைய திருகு குழாயை மாட்டினார். “இதை உன்னால கோபத்துல மூடவே முடியாது. நாலரைச் சுற்று. வேணும்னா எண்ணிப் பாரு” என்றார். டீச்சர் எண்ணினார். நாலரைதான். கடைசி அரைச் சுற்றில் குழாய் ‘கீச்’ என்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஈரக் கையோடு அங்கேயே நின்றார். இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளிடம் ‘அழாதே’, ‘வாயை மூடு’ என்று தட்டித் தட்டி மூடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

பாடம் அப்படித்தான் பிறந்தது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பதினொன்று பத்து முதல் பதினொன்று முப்பது வரை. முப்பத்து நான்கு பிள்ளைகளும் எழுந்து நிற்க வேண்டும். டீச்சர் எதிரே நின்று, கையை முன்னால் நீட்டி, இல்லாத ஒரு குழாயைப் பிடிப்பார்.

“கோபம் வருதா? வரட்டும். அழுகை வருதா? அதுவும் வரட்டும். யாரும் அதை அடிச்சு மூடக் கூடாது. நான் பண்றதைப் பார்த்து அப்படியே பண்ணுங்க. ஒரு சுற்று, ஒரு மூச்சு. ரெண்டு. மூணு. நாலு. கடைசி அரை…”

“கீச்!” என்று வகுப்பே கத்தும். அதோடு சிரிப்பும் பொங்கும்.

மூன்று வாரத்தில் பலன் தெரிந்தது. ஜன்னலோரத்து இடத்துக்காகத் தினமும் மல்லுக்கு நின்ற இருவர், எதிரெதிரே நின்று குழாயைத் திருப்பிவிட்டு, எதற்குச் சண்டை என்றே மறந்துபோய் உட்கார்ந்தார்கள். எடுத்ததற்கெல்லாம் அழும் ஒரு குட்டிப் பெண், ‘கீச்’ வரை போகாமலே மூன்றாவது சுற்றில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருத்தி வீட்டில் தன் அப்பாவுக்கே கற்றுக்கொடுத்துவிட்டாளாம். “போன்ல கத்திட்டே இருந்தாரு டீச்சர். நான் கையைக் காட்டினேன். கீச்சுன்னாரு. அந்தப் பக்கம் பேசினவர் பயந்து போனை வச்சுட்டாராம்!”

சைரன் மட்டும் திருந்தவில்லை. திருந்தாதது மட்டுமில்லை, குழாயைத் திருப்பவே அவள் மறுத்தாள். கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களின் கைகளையே பார்ப்பாள். காது சிவக்கும். மூக்கு சிவக்கும்.

பருவம் முடிய நான்கு வாரம் இருந்தபோது பெரிய டீச்சர் அவரைக் கூப்பிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒன்பது. இன்னும் ஒன்று என்றால் கதை முடிந்தது.

டீச்சர் விரல் வைத்துக் கிழமைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். செவ்வாய், பதினொன்று பதினான்கு. வியாழன், பதினொன்று பன்னிரண்டு. ஒரு திங்கள். ஒரு புதன். மீதி ஏழும் செவ்வாய் அல்லது வியாழன். ஏழும் பதினொன்று பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில். அதாவது, கோபத்தை ஆற்றச் சொல்லிக்கொடுக்கும் அவருடைய அந்த இருபது நிமிடத்தில்தான். டீச்சருக்கு முகத்தில் அறைந்தாற்போல் ஆகிவிட்டது. நோய்க்கு மருந்து கொடுக்கிறோம் என்று நினைத்திருந்தார். அந்த மருந்துதான் நோயாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்குத் தோன்றியது ஒரே வழிதான். பதினொன்று ஐந்துக்கே சைரனை அழைத்து, “கண்ணு, முற்றத்துல பூந்தொட்டி எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வாம்மா. அவசரமே இல்ல, நிதானமா எண்ணு” என்று வெளியே அனுப்பினார். பாடம் முடியும்வரை அவள் உள்ளே இல்லாவிட்டால், பத்தும் வராது.

சைரன் இரண்டே நிமிடத்தில் எண்ணி முடித்துவிட்டாள். இருபத்தேழு. அதில் நான்கில் செடி இல்லை.

முற்றத்துக் குழாய் வகுப்பு ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அன்று அதை ரிப்பேர் செய்ய வந்தவர் டீச்சரின் கணவர். சைரன் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“மாமா, வாஷர் போயிடுச்சா?”

“ஆமாம்மா. உனக்கெப்படித் தெரியும்?”

“எங்க வீட்டுலயும் போச்சு. தண்ணி பிடிச்சு மூடுறது என் வேலை.”

“அப்படிச் சொல்லு! அப்ப நீ எங்க ஆளு. இந்த ஸ்பேனரைப் பிடி.”

வாஷரை மாற்றி அவர் குழாயை மாட்டி முடித்த நேரம், ஜன்னல் வழியாக முப்பத்து மூன்று குரல்களில் ‘கீச்’ என்று கேட்டது. சைரனின் காது சிவந்தது.

“என்னம்மா ஆச்சு?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க டீச்சர் இல்லையே?”

“நானா? டீச்சருக்கு வாக்கப்பட்டவன். மத்தபடி ஒண்ணும் இல்ல.”

“டீச்சர்கிட்ட தப்புன்னு சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லலாம். உள்ள எல்லாரும் தப்பா மூடுறாங்க மாமா. திறக்கிற பக்கம் திருப்புறாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள்! மூடு மூடுன்னு சொல்லிட்டே திறக்கிறாங்க!”

அவர் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். டீச்சர் பிள்ளைகளுக்கு எதிரே நின்று, தன் வலப்பக்கமாக, ஒழுங்காகத்தான் திருப்பிக்கொண்டிருந்தார். எதிரே நின்ற முப்பத்து மூன்று பிள்ளைகளும் கண்ணாடியில் தெரிவதுபோலத் தங்கள் இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்த சிரிப்பில் கால் நழுவித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் ஜன்னலுக்கு வந்தார். “என்னங்க இது? பாடம் நடக்குது. இங்க என்ன கூத்து?”

“நீ மூடு. நீ பண்றதைப் பார்த்து நான் அப்படியே பண்றேன்.”

“எதை?”

“குழாயைத்தான். கையை நீட்டு. ஒரு சுற்று.”

டீச்சர் சலித்துக்கொண்டே கையை நீட்டித் திருப்பினார். எதிரே நின்றவர், தான் பார்த்தபடியே, நிஜக் குழாயில் கை வைத்துத் திருப்பினார். புது வாஷர் போட்ட குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுத் தரையில் அடித்து அவர் சட்டையையும் சைரனின் காலையும் நனைத்தது. வகுப்பே ஜன்னலுக்கு ஓடி வந்து கைதட்டியது.

“இத்தனை நாளா எல்லாத்தையும் திறந்துதான் விட்டிருக்க டீச்சரம்மா. உன் வகுப்பு ஏன் இப்படிப் பேசுதுன்னு இப்பத்தானே தெரியுது!”

டீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்து, முன்வரிசைப் பிள்ளைகள் மேசையின் வலது மூலையைப் பார்த்தார்கள். மேசைக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. கணவர், “கண்டுபிடிச்சது இவதான்” என்று சைரனைக் காட்ட, அவர் முற்றத்துக்கே இறங்கி வந்தார்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

“முதல் நாள்லேர்ந்து.”

“ஏம்மா சொல்லல?”

சைரன் ஈரக் காலைப் பார்த்தாள். ‘சொல்லு’ என்பதுபோல் மாமா தலையை ஆட்டியதும் அவள் சொன்னாள்: “ரெண்டாவது படிக்கறப்ப ஒரு டீச்சர் பதினேழும் எட்டும் இருபத்து நாலுன்னு போர்டுல எழுதினாங்க. இருபத்தஞ்சுன்னு சொன்னேன். பெல் அடிக்கிற வரைக்கும் நிக்க வச்சாங்க. டீச்சரை எதிர்த்துப் பேசாதேன்னு அம்மா சொன்னாங்க. பேசாம இருந்தா… உள்ளேர்ந்து முட்டுது.”

டீச்சருக்குச் சுவருக்குள் கேட்ட அந்த ‘டம்’ இன்னொரு முறை கேட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று நாலரையும் திருப்பிய பிறகுதான் பேச முடிந்தது.

“எல்லாரும் கேளுங்க. டீச்சர் சொல்லிக்கொடுத்தது தப்பு. இவ சொல்றதுதான் சரி.”

அவளை உள்ளே அழைத்துப் போய், அவர் தன் பணிக்காலத்தில் செய்யவே செய்யாத ஒன்றைச் செய்தார். வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்று, அவர்கள் பார்க்கும் பக்கமே பார்த்துக் கையை நீட்டினார். பின்னால் கிசுகிசுப்பும் சிரிப்பும் கேட்டன. ஒரு பேப்பர் உருண்டை கூட வந்து விழுந்தது. பொருட்படுத்தவில்லை. அன்றுதான் முப்பத்து நான்கு குழாய்களும் முதன்முறையாக மூடின.

அன்றைக்கே ஒரு விதி போட்டார். முதலில் நாலரைச் சுற்று. அப்புறம் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தப்புச் செய்தது டீச்சராகவே இருந்தாலும் சரி. மாலையில் தையல் கடைக்கும் போய், மிஷினை நிறுத்தச் சொல்லி, சைரனின் அம்மாவிடமும் அதை ஒரு தடவை சொல்லிவிட்டு வந்தார்.

விதி போட்டவருக்குத்தான் சோதனை. மறுநாள் ஒரே நாளில் சைரனிடமிருந்து பதினொரு திருத்தங்கள். வகுப்புக் கடிகாரம் இரண்டு நிமிடம் மெதுவாக ஓடுகிறது. படம் கோணலாகத் தொங்குகிறது. தேதி நேற்றையது. “டீச்சர், நீங்க ‘ஒரு நிமிஷம்’னு சொல்லிட்டுப் போனீங்க. ஆறு நிமிஷம் ஆச்சு.” ஒவ்வொன்றுக்கும் டீச்சர் முதலில் மேசையைப் பார்ப்பார், பிறகு கையை நீட்டுவார். பின்வரிசையில் பந்தயம் கட்டினார்கள்: டீச்சர் இன்று எத்தனை குழாய் மூடுவார் என்று. அன்று பதினொன்று. மறுநாள் ஐந்து. டிராயிங் மாஸ்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “குக்கருக்கு வெயிட் போட்டுட்டாங்கப்பா!” என்று போய்ச் சொன்னார்.

சைரன் கத்தவில்லை. ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும், மூன்றாவதும் போயின.

பருவத்தின் கடைசி நாள் வியாழன். பதினொன்று பத்துக்குப் பெரிய டீச்சரே பழுப்பு நோட்டோடு வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். கணக்கை எல்லார் முன்னும் வாசித்து முடித்து வைப்பது அவர் வழக்கம்.

“இரண்டாம் பருவம். மொத்தம் ஒன்பது” என்று ஆரம்பித்து, தேதி, கிழமை, நேரம் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். “நான்கு: பதினாறாம் தேதி, புதன், இரண்டு இருபத்தைந்து.”

சைரனின் காது சிவந்தது.

டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். பெரிய டீச்சர் பார்க்காமல் ஐந்தாவதை வாசித்துக்கொண்டிருந்தார். மூக்கு சிவந்தது. வாய் திறந்தது. டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு பஸ், நாலே முக்கால், சுருட்டிய தொப்பி எல்லாம் கண் முன்னால் வந்துபோயின. ‘வேண்டாம்மா’ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டார். அதைச் சொன்னால் அடித்து மூடியதாகிவிடும்.

சைரனின் வலது கை மெல்ல நீண்டது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று. நாலு. கடைசி அரை.

“கீச்” என்றாள், மிகச் சின்னக் குரலில். பிறகு எழுந்து நின்றாள். “பெரிய டீச்சர், ஒன்பது இல்ல. எட்டு.”

“என்னது?”

“பதினாறாம் தேதி நான் ஸ்கூலுக்கே வரல. காய்ச்சல்.”

“நான் என் காதால கேட்டு எழுதினதும்மா இது.”

டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். பதினாறாம் தேதிக் கட்டத்தில், அவர் கையாலேயே போட்டது, வரவில்லை என்ற குறி. அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“அப்ப அன்னைக்குக் கத்தினது யாரு?” என்றார் பெரிய டீச்சர்.

டீச்சரின் காது சிவந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் துள்ளி வந்தது. “டீச்சர்தான்! அலமாரியிலேர்ந்து பல்லி விழுந்துச்சு! டீச்சர் நாற்காலி மேல ஏறிட்டாங்க!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் அசடு வழிய நின்றார். “நான்தாங்க. பெரிய பல்லி அது” என்றார்.

பெரிய டீச்சர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, நான்காவது வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மொத்தத்தை எட்டாக்கினார். “வர்ற வருஷமும் இங்கதாம்மா நீ. நாலாவது ‘அ’ பிரிவு. அங்க கடிகாரமெல்லாம் சரியா ஓடுதான்னு பார்த்துச் சொல்லு” என்றார். வகுப்பு எழுப்பிய ஆரவாரத்தில் எதிர்க்கடைக்காரர் பம்பைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார் என்று பிற்பாடு தெரிந்தது.

ஆரவாரத்திலும் சைரன் உட்காரவில்லை. கணக்கு அவளுக்கு இன்னும் நேராகவில்லை. “ஆனா அன்னைக்குச் சத்தம் வந்தது நிஜம்தானே? அதை அடிச்சிட்டா எப்படி? டீச்சர்னு எழுதி, ஏன்னும் எழுதணும். ஏன்னு எழுத இதுல இடமே இல்லையே.”

பெரிய டீச்சர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார். பெரிய டீச்சர் ஸ்கேலை வாங்கி, பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். தலைப்பில் ‘காரணம்’ என்று எழுதினார். கீழே, ‘டீச்சர் – பல்லி.’

சைரன் எட்டிப் பார்த்தாள்.

“கோடு கோணலா இருக்கு பெரிய டீச்சர்.”

முப்பத்து நான்கு தலைகள் ஒரே நேரத்தில் பெரிய டீச்சரின் பக்கம் திரும்பின. அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய வலது கை நோட்டின் மேல் மெல்ல எழுந்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று திரும்ப ஆரம்பித்தது. சரியான பக்கமாகத்தான்.